30240: பாகப்பிரிவினைக் கணக்கில் ஓர் அபூர்வ எண்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் மனை விலை பேசுகிறவர்கள் இன்றும் கிரவுண்டு கணக்கில்தான் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. அரை கிரவுண்டு 1200, கால் கிரவுண்டு 600. சென்ட் கணக்கில் 435.6 என்று தசமப் புள்ளி வந்து தொல்லை கொடுக்கும். கிரவுண்டில் அது இல்லை. 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என எதைக் கொண்டு வகுத்தாலும் 2400 மீதியில்லாமல் பிரியும். 24 கொண்டு வகுத்தால் சரியாக 100.

இந்த 24 என்ற எண்ணை மதரஸாவில் ஃபராயிள் ஓதிய எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆகிய வசனங்களில் அல்லாஹ் வாரிசுகளுக்கு விதித்த பங்குகள் மொத்தம் ஆறு பின்னங்களில் அடங்கிவிடுகின்றன. பாதி, கால், எட்டில் ஒன்று ஆகிய மூன்றும் ஒரு வரிசை. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றும் இன்னொரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அடுத்து வருவது முந்தியதில் பாதி. இந்த ஆறு பின்னங்களின் கீழே நிற்கும் 2, 4, 8, 3, 6 ஆகிய எண்களுக்கு மீச்சிறு பொது மடங்கு என்ன? 24. ஆகவே குர்ஆன் கூறும் பங்குகள் எந்த விதத்தில் சேர்ந்து வந்தாலும் சொத்தை 24 கூறாக்கினால் எல்லாப் பங்குகளும் முழு எண்களாக வந்துவிடும். பல நேரங்களில் அதைவிடச் சிறிய எண்ணே போதும். 2, 3, 4, 6, 8, 12, 24 என்ற ஏழு எண்களைத்தான் அறிஞர்கள் 'அஸ்லுல் மஸ்அலா', அதாவது கணக்கின் மூல எண் என்று வகுத்து வைத்தார்கள்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சேலையூரில் ஒரு கிரவுண்டு மனை வைத்திருந்த ஒருவர் மௌத்தாகிவிட்டார். மனைவி, வயதான தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். தந்தை முன்பே இறந்துவிட்டார். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் தீர்ந்தபின் இந்த மனை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். (மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். நம்மில் பலர் அதைக் கடன் பட்டியலில் எழுதுவதே இல்லை.) பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, 24இல் 3. தாய்க்கு ஆறில் ஒன்று, 24இல் 4. மீதி 17 பிள்ளைகளுக்கு. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்றால் ஒரு மகனுக்கும் இரு மகள்களுக்கும் சேர்த்து நான்கு பாகம். 17ஐ நான்காகப் பிரிக்க முடியாது. என்ன செய்வது?

இங்கேதான் 'தஸ்ஹீஹ்' என்ற வழி வருகிறது. மூல எண்ணையே 4ஆல் பெருக்கிவிட வேண்டும். 24 × 4 = 96. இப்போது மனைவிக்கு 12, தாய்க்கு 16, மகனுக்கு 34, மகள்களுக்கு 17, 17. கூட்டிப் பாருங்கள், 96 வரும். 2400 சதுர அடியை 96 கூறாக்கினால் ஒரு கூறு 25 சதுர அடி. மனைவிக்கு 300, தாய்க்கு 400, மகனுக்கு 850, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 425 சதுர அடி. எங்கும் தசமப் புள்ளி இல்லை, தோராயம் இல்லை. ஷாஃபிஈ, ஹனஃபி என்ற வேறுபாடும் இந்தக் கணக்கில் இல்லை.

சில நேரங்களில் 24 என்ற அளவுக்குள் பங்குகள் அடங்காமல் போவதும் உண்டு. மனைவி, இரு மகள்கள், தந்தை, தாய் என்று வாரிசுகள் இருந்தால் 3 + 16 + 4 + 4 = 27. இருப்பதோ 24. இத்தகைய நெருக்கடி முதலில் உமர் (ரலி) அவர்களின் காலத்தில், கணவனையும் இரு சகோதரிகளையும் விட்டு இறந்த ஒரு பெண்ணின் சொத்தில் எழுந்தது. பாதியும் மூன்றில் இரண்டும் சேர்ந்தால் முழுமையைத் தாண்டிவிடும் அல்லவா? நபித்தோழர்களிடம் ஆலோசித்து, எல்லோருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறையும்படி மூல எண்ணையே கூட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். இதுவே 'அவ்ல்'. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதில் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள் என்பதையும் நூல்கள் மறைக்காமல் பதிவு செய்கின்றன. மேலே சொன்ன 27 கணக்கை அலீ (ரலி) அவர்களிடம் மிம்பரில் நிற்கும்போதே ஒருவர் கேட்க, எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அங்கேயே அவர்கள் பதிலளித்ததாக அறிவிக்கப்படுகிறது. 27இல் 3 என்பது 9இல் 1 தானே. அதனால்தான் அதற்கு 'மிம்பரிய்யா' என்று பெயர். நமது கிரவுண்டு கணக்கில், 300 சதுர அடி பெறவேண்டிய மனைவிக்கு அப்போது ஏறத்தாழ 266.67 சதுர அடி.

கிட்டத்தட்ட 820ஆம் ஆண்டு வாக்கில் பக்தாதில் அல்குவாரிஸ்மி இயற்கணித நூலை எழுதியபோது, அதன் பெரும்பகுதியை வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். அல்ஜிப்ரா என்ற பெயரே அந்த நூலின் தலைப்பிலிருந்து உலகுக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எக்ஸ், ஒய் எழுதிக்கொண்டு இதனால் என்ன பயன் என்று கேட்கும்போது சொல்வதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி தலைப்பில் உள்ள எண்ணுக்கு வருவோம்.

ஃபராயிள் படிக்கும் மாணவர்களைச் சோதிப்பதற்கென்றே பழைய ஆசிரியர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதன் பெயரே 'மஸ்அலத்துல் இம்திஹான்', தேர்வுக் கணக்கு. ஒருவர் நான்கு மனைவியர், ஐந்து மகள்கள், ஏழு பாட்டிமார், தந்தையின் சகோதரர்கள் ஒன்பது பேர் ஆகியோரை விட்டு இறந்தார். சொத்தை எத்தனை கூறாக்க வேண்டும்? வாரிசாகத் தகுதியுள்ள ஏழு பாட்டிமார் ஒருவருக்கு உயிரோடு இருப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் தேர்வுத்தாளில் யாரும் ஜனாஸா தொழப் போவதில்லை, கணக்குத்தான் போடப்போகிறார்கள்.

மூல எண் 24. மனைவியருக்கு எட்டில் ஒன்று, 3. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, 16. பாட்டிமாருக்கு ஆறில் ஒன்று, 4. மிச்சம் 1 சித்தப்பா, பெரியப்பாமார்களுக்கு. 3 + 16 + 4 + 1 = 24. அவ்ல் தேவையில்லை. ஆனால் 3ஐ நான்கு பேருக்குப் பிரிக்க முடியாது. 16ஐ ஐந்து பேருக்கு முடியாது. 4ஐ ஏழு பேருக்கு முடியாது. 1ஐ ஒன்பது பேருக்கு முடியாது. நான்கு கூட்டத்தாரும் ஒருசேர மாட்டிக்கொள்கிறார்கள். கேள்வி அமைத்தவரின் சாமர்த்தியம் இங்கேதான். 4, 5, 7, 9 ஆகிய நான்கு எண்களில் எந்த இரண்டை எடுத்தாலும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. எனவே எதையும் சுருக்க வழியில்லை, நான்கையும் பெருக்கித்தான் ஆகவேண்டும். 4 × 5 × 7 × 9 = 1260. இதை மூல எண் 24ஆல் பெருக்கினால் 30240.

பங்குகளைச் சரிபார்ப்போம். மனைவியர் ஒவ்வொருவருக்கும் 945. மகள்கள் ஒவ்வொருவருக்கும் 4032. பாட்டிமார் ஒவ்வொருவருக்கும் 720. தந்தையின் சகோதரர்கள் ஒவ்வொருவருக்கும் 140. கூட்டத்தார் வாரியாக 3780, 20160, 5040, 1260, மொத்தம் 30240. சேலையூர் கிரவுண்டை இத்தனை கூறாக்கினால் ஒரு கூறு ஏறத்தாழ 11.4 சதுர அங்குலம், ஒரு உள்ளங்கை அகலம்கூட இல்லை.

ஃபராயிள் நூல்களில் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் எண்கணிதம் படித்த ஒருவர் 30240 என்ற எண்ணைப் பார்த்தால் சற்று நிமிர்ந்து உட்காருவார். காரணம் இருக்கிறது.

முதலில் எளிய தன்மை. 6 × 7 × 8 × 9 × 10 என்று அடுத்தடுத்த ஐந்து எண்களைப் பெருக்குங்கள். 30240 வரும். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். 12, 14, 15, 16 ஆகியவற்றாலும் வகுபடும். மொத்தம் 96 காரணிகள் அதற்கு உண்டு.

அடுத்த தன்மைதான் அபூர்வம். கிரேக்கர் காலத்திலிருந்தே எண்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ஒரு எண்ணை மீதியின்றி வகுக்கும், அந்த எண்ணைவிடச் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அதே எண் வந்தால் அது நிறைவான எண், அரபியில் 'தாம்மு'. 6க்கு 1 + 2 + 3 = 6. 28க்கு 1 + 2 + 4 + 7 + 14 = 28. அடுத்தவை 496, 8128. கூட்டுத்தொகை அதிகமானால் 'ஸாயித்', குறைந்தால் 'நாகிஸ்'. 12 ஸாயித், ஏனெனில் 1 + 2 + 3 + 4 + 6 = 16. 10 நாகிஸ், ஏனெனில் 1 + 2 + 5 = 8.

இப்போது அந்த எண்ணும் உட்பட 30240இன் காரணிகள் 96ஐயும் கூட்டவேண்டும். ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டத் தேவையில்லை, குறுக்கு வழி உண்டு. 30240ஐப் பகா எண்களாக உடைத்தால் ஐந்து 2களும், மூன்று 3களும், ஒரு 5உம், ஒரு 7உம் வரும். 2க்கு உரியது 1 + 2 + 4 + 8 + 16 + 32 = 63. 3க்கு உரியது 1 + 3 + 9 + 27 = 40. 5க்கு 1 + 5 = 6. 7க்கு 1 + 7 = 8. இந்த நான்கையும் பெருக்கினால் காரணிகளின் மொத்தக் கூட்டுத்தொகை. 63 × 40 × 6 × 8 = 120960. அது 30240இன் சரியாக நான்கு மடங்கு!

6, 28 போன்ற நிறைவான எண்களில் இந்த மொத்தக் கூட்டுத்தொகை இரண்டு மடங்காக இருக்கும். 120 என்ற எண்ணுக்கு மூன்று மடங்கு வரும். நான்கு மடங்கு வரும் எண்களில் ஆகச் சிறியது 30240. அதற்குக் கீழே ஒரு எண்கூடக் கிடையாது. ஐரோப்பாவில் இதைக் கண்டெடுத்தவர் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த்தே, 1638ஆம் ஆண்டு வாக்கில். ஐந்து மடங்கு வரும் எண்ணையும் அவர் கண்டார். அது 1418 கோடியே 24,39,040. நான்கிலிருந்து ஐந்துக்குப் போக எவ்வளவு பெரிய தாவல் என்று பாருங்கள்.

மனைவியரின் பங்கான 945உம் சும்மா வந்த எண்ணல்ல. ஸாயித் எண்களை எழுதிக்கொண்டே போனால் 12, 18, 20, 24, 30 என்று எல்லாம் இரட்டைப் படையாகவே வரும். நூறைத் தாண்டி, ஐநூறைத் தாண்டியும் ஒற்றைப்படை ஒன்றும் தட்டுப்படாது. முதல் ஒற்றைப்படை ஸாயித் எண் 945. அதன் சிறு காரணிகளைக் கூட்டினால் 975. இதை எழுதி வைத்தவர் அபூமன்சூர் அப்துல் காஹிர் அல்பக்தாதி, 1037இல் இறந்தவர். 'அத்தக்மிலா' என்ற அவருடைய கணித நூலில் இது இருக்கிறது. ஐரோப்பிய நூல்களில் இதை வெகுகாலம் 17ஆம் நூற்றாண்டின் பாஷே பெயரில் குறிப்பிட்டு வந்தார்கள். அல்பக்தாதியை நம் ஆலிம்கள் நன்றாக அறிவார்கள், ஆனால் வேறு முகமாக. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர், 'அல்ஃபர்க் பைனல் ஃபிரக்' நூலின் ஆசிரியர். ஃபிக்ஹும் கணிதமும் ஒரே மனிதரின் மேசையில் இருந்த காலம் அது. அதே நூலில் அவர் 159, 559, 703 என்ற மூன்று எண்களை எடுத்துக்காட்டுகிறார். மூன்றின் சிறு காரணிகளையும் தனித்தனியே கூட்டினால் மூன்றுக்கும் 57 வரும். வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

காரணிகளைத் தேடி அலைந்தவர்களில் நம் மண்ணின் மைந்தர் ராமானுஜனைச் சொல்லாமல் விடமுடியாது. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்து கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் மிகுபகு எண்கள் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணே மிகுபகு எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும் அந்தப் பட்டியல். ஃபராயிளின் மூல எண்களில் 2, 4, 6, 12, 24 ஆகிய ஐந்து இதில் இருப்பதைக் கவனியுங்கள். 2520உம் இருக்கிறது. 30240 மட்டும் மயிரிழையில் தவறிவிட்டது. அதற்குச் சற்று முன்னால் உள்ள 27720க்கும் அதே 96 காரணிகள் இருப்பதால் இடம் அதற்குப் போய்விட்டது.

ராமானுஜன் கையால் போட்ட அந்தப் பட்டியலின் கடைசி எண் 6746328388800. நம் கணக்கில் 6,74,632 கோடியே 83,88,800. அதற்கு 10080 காரணிகள். கணினியும் கால்குலேட்டரும் இல்லாத காலத்தில் போட்ட பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டிருந்தது. 293318625600 என்ற அந்த எண்ணை 23ஆல் பெருக்கினால், அவருடைய கடைசி எண் வந்துவிடும்! அந்தக் கடைசி எண்ணை நமது 30240ஆல் வகுத்துப் பார்த்தால் 223092870 வருகிறது. அது என்னவென்றால், 2 × 3 × 5 × 7 × 11 × 13 × 17 × 19 × 23. முதல் ஒன்பது பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. வேண்டுமானால் பேனாவும் தாளும் எடுத்துச் சரிபாருங்கள், செல்போன் கால்குலேட்டரில் சில மாடல்கள் இத்தனை இலக்கத்தைக் காட்டாது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகமும் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. எண் கோட்பாட்டை வாழ்நாள் படிப்பாகக் கொண்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த இரண்டு பெயர்களும் தெரியும்?

இதைப் படித்ததும் சிலருக்கு ஒரு எண்ணம் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். 'பார்த்தீர்களா, இஸ்லாமிய வாரிசுரிமையில் உலகின் அபூர்வ எண் ஒளிந்திருக்கிறது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாராகிவிடும். தயவுசெய்து வேண்டாம். தேர்வுக் கணக்கை அமைத்தது மனித ஆசிரியர்கள். ஒன்றோடொன்று சுருங்காத சிறிய எண்களை வேண்டுமென்றே பொறுக்கி எடுத்தார்கள். சிறிய பகா எண்கள் நிறையக் கலந்த எண்ணுக்குக் காரணிகள் அதிகம், கூட்டுத்தொகையும் அதிகம். நான்கு மடங்கு எண் அந்த மாதிரி எண்களுக்குள்ளேதான் கிடைக்கும். இரண்டும் ஒரே கிணற்றில் வாளி விட்டன, அவ்வளவுதான். 2520 பிரமிடில் பொறிக்கப்பட்ட மர்ம எண், வாரத்தின் 7, மாதத்தின் 30, ஆண்டின் 12 ஆகியவற்றின் பெருக்கம் என்று சுற்றும் செய்தியும் இப்படித்தான். பெருக்கம் சரி, மர்மம் இல்லை. 1 முதல் 10 வரை எண்களுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டால் எந்த எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் அது கிடைக்கும். எண்களை வைத்து மார்க்கத்தை நிரூபிக்கப் புறப்பட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷாத் கலீஃபா ஒருவரே போதும். 19 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு 1974இல் தொடங்கிய அவர், கடைசியில் தன் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அத்தவ்பா அத்தியாயத்தின் இறுதி இரு வசனங்களையே மறுத்தார்.

சரி, நடைமுறையில் பெரிய எண்கள் வருமா? ஏழு பாட்டிமார் வரமாட்டார்கள். ஆனால் நம் பகுதிகளில் வேறொரு வழியாகப் பெரிய எண்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதன் பெயர் 'முனாஸகா'. சொத்தைப் பிரிப்பதற்குள் வாரிசுகளே ஒருவர் பின் ஒருவராக இறந்துபோவது.

சேலையூர் மனைக்கே திரும்புவோம். 'வீட்டை இப்போது ஏன் பிரிக்க வேண்டும், அம்மா இருக்கட்டும்' என்று விட்டுவிட்டார்கள். மொத்தம் 96 பங்கு. சில ஆண்டுகளில் பாட்டி, அதாவது இறந்தவரின் தாய், மௌத்தாகிறார். அவருக்கு இன்னொரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். பாட்டியின் 16 பங்கு அவர்களுக்கு 2க்கு 1 என்று போகவேண்டும். 16ஐ மூன்றாக்க முடியாது. எனவே மொத்தம் 96 × 3 = 288 ஆகிறது. சித்தப்பாவுக்கு 32, அத்தைக்கு 16. (உயிரோடு மகன் இருப்பதால் பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டியிடமிருந்து ஒன்றும் வராது. பாட்டி விரும்பியிருந்தால் மூன்றில் ஒரு பாகத்துக்குள் அவர்களுக்கு வஸிய்யத் செய்திருக்கலாம். அந்த வழி இருப்பதே பல குடும்பங்களில் பேசப்படுவதில்லை.)

அடுத்து அம்மா இறக்கிறார். 288இல் அவருக்குரிய 36, மகனுக்கு 18, மகள்களுக்கு 9, 9 என்று பிரிந்துவிடுகிறது. இப்போது மகனிடம் 120, மகள்களிடம் 60, 60. அதன்பின் மூத்த மகள் இறக்கிறார். கணவர், மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். 60இல் கணவருக்குக் கால் பாகம் 15. மீதி 45ஐ எட்டு பாகமாக்க வேண்டும். முடியாது. மொத்தம் 288 × 8 = 2304.

இப்போதைய நிலவரம் இது. மகனுக்கு 960, உயிரோடு உள்ள மகளுக்கு 480, இறந்த மகளின் கணவருக்கு 120, அவருடைய மகன்கள் ஒவ்வொருவருக்கும் 90, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 45, சித்தப்பாவுக்கு 256, அத்தைக்கு 128. கூட்டினால் 2304. தொடக்கத்தில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்திருக்கும். இப்போது பத்து பேர். அவர்களில் ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் மைனராக இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இருக்கமாட்டார். அந்தச் சின்னப் பேத்தியின் 45 பங்குக்கு உரிய இடம் 46.875 சதுர அடி. ஒரு கட்டிலும் பீரோவும் போடலாம். ஆனாலும் அது அவளுடையது, அவள் கையெழுத்தில்லாமல் பத்திரம் நிறைவடையாது.

சட்டமும் இங்கே தெளிவாகவே இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையை ஷரீஅத்படி தீர்க்கச் சொல்கிறது. தொடக்கத்தில் விவசாய நிலம் அதிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. 1949இல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. இன்று வீட்டு மனைகளாகிவிட்ட நம் புறநகர் ஏரிப்பாசன நிலங்களின் பழைய பாகங்களைப் பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும். தாசில்தார் அலுவலகம் தரும் வாரிசு சான்றிதழில் பெயரும் உறவும்தான் இருக்கும், பங்கின் அளவு இருக்காது. ஐந்து பெயர் இருந்தால் ஐந்தில் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதைவிட மோசம், 'தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே' என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வது. கல்யாண நகை தந்தை உயிரோடு இருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. 96இல் 17 என்பது அவர் இறந்த நொடியில் அவளுக்கு உரிமையானது. கணக்குப் போடுவது கடினம் என்று சாக்குச் சொல்ல இடமில்லை. பெருக்கல், வகுத்தல் தவிர இதில் எதுவும் இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

கணக்கைப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 0.125, 0.1667 என்று தொடக்கத்திலேயே தசமமாக மாற்றிவிடாதீர்கள். 1667 என்று வெட்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய உரிமை சிந்துகிறது. பங்குகளை முழு எண்ணாகவே கடைசிவரை கொண்டுவந்து, எல்லாவற்றையும் கூட்டி மூல எண் வருகிறதா என்று பார்த்தபிறகே சதுர அடிக்கோ ரூபாய்க்கோ மாற்றவேண்டும். உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இன்று பலருக்குத் தனி மனை கிடையாது, அடுக்குமாடி வீடும் அதற்குரிய பிரிபடாத நிலப் பங்கும்தான். அதை அளந்து பிரிக்க வழியில்லை. ஒருவர் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது விற்றுப் பிரிக்க வேண்டும். எண்கள் அப்போதும் அதேதான். மேலே சொன்ன குடும்பம் அப்படிப்பட்ட ஒரு வீட்டை 57,60,000 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டால், 2304 பங்கில் ஒரு பங்கு 2,500 ரூபாய். மகனுக்கு 24,00,000. மகளுக்கு 12,00,000. இறந்த மகளின் கணவருக்கு 3,00,000, அவருடைய மகன்கள் ஒவ்வொருவருக்கும் 2,25,000. சித்தப்பாவுக்கு 6,40,000, அத்தைக்கு 3,20,000. பேத்திகள் இருவருக்கும் ஆளுக்கு 1,12,500 ரூபாய்.